இடப்பக்க இருக்கை

நேர்காணலில் ஒரே கேள்விதான்:
"வாந்தி வருமா?"

மஞ்சூரிலிருந்து ஊட்டிக்கு
மூன்று வருடம், காலை ஏழு மணி பஸ்ஸில்
கம்பிக்கு முதுகை முட்டுக் கொடுத்து
வணிகச் சட்டம் படித்தவள் நான்.
எலுமிச்சம்பழம் முகர்ந்தவர்கள்,
ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டியவர்கள்
எல்லோருக்கும் நடுவே
ஒரு வரி தப்பியதில்லை.
(பரீட்சை தப்பியது வேறு விஷயம்.)
"வராது" என்றேன்.

முதல் ஆறு மாதம் கோயம்புத்தூர் ஷெட்டில்
டயர் எண்ணி, சாக்பீஸால் இடது வலது எழுதி,
பெட்ரோல் கணக்கு, டீ கணக்கு,
காணாமல் போன பத்தாம் நம்பர் ஸ்பானர் கணக்கு.
சம்பளம் கேட்டபோது
"அனுபவம்" என்றார்கள்.
ஹாஸ்டல்காரம்மா அதை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

ஏழாம் மாதம்
மெர்வினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனுக்குக்
கனடா விசா வந்தது.
எனக்கு அவன் ஹெல்மெட் வந்தது,
ஒரு சுற்றுப் பெரிது,
உள்ளே அவன் வியர்வை.

ராலிக்கு முதல் நாள்
அவர் மெதுவாக ஓட்டிக்கொண்டே சொல்வார்
நான் எழுத வேண்டும்.
ஒன்று என்றால் கொண்டை ஊசி.
ஆறு என்றால் மிதித்தபடியே போகலாம்.
நடுவில் வருவது மீட்டர்.
இடது நாலு, எண்பது, மேடு,
வலது மூணு இறுகும், வெட்டாதே.

வெட்டாதே என்றால்
வளைவின் உள்ளோரம் கல் இருக்கிறது.
அதற்கு நான் ஓர் அரிவாள் வரைந்து
குறுக்கே கோடு கிழித்தேன்.

இந்த முறை சாலை
எங்கள் எஸ்டேட்டுக்குள்ளேயே ஓடியது.
ஏழாம் நம்பர் காட்டைச் சுற்றி இறங்கும் இடத்தில்
அவர் "வலது மூணு" என்றார்.
நான் "வலது மூணு, மடுவம்" என்று எழுதி
அரிவாளும் போட்டேன்.
"அது என்ன மடுவம்?"
"இலை நிறுக்கிற இடம்."
"சரி, இருக்கட்டும்."

காலையில் கார்க் கண்ணாடியில்
எங்கள் பெயர்கள், பக்கத்தில் ரத்த வகை.
பியூலா செல்லையா, ஓ பாசிடிவ்.
அப்பா பெயரில் ஓர் எழுத்துக் குறைவு.
பரவாயில்லை, ரத்தம் சரியாக இருந்தது.

ஒன்பதே காலுக்குப் புறப்பாடு.
ஒன்பது பத்துக்கு
அவலாஞ்சிப் பக்கமிருந்து ஏறி வந்தது மூடுபனி.
ஐந்து, நான்கு, மூன்று.

நான் சாலையைப் பார்ப்பதில்லை.
பார்த்தால் வரி தப்பும்.
இடுப்பில் தெரியும் மேடு,
தொண்டையில் தெரியும் பள்ளம்.
அவருக்கும் அன்று எதுவும் தெரியவில்லை.
வெள்ளைக்குள் என் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு
நூற்றுப் பத்தில் ஒரு மனிதர்.

ஒரு முறை பக்கம் ஒட்டிக்கொண்டது.
விரலை நக்கிப் பிரிப்பதற்குள்
இரண்டு தந்திக்கம்பம் கடந்திருக்கும்.
அந்த மௌனத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.
"மடுவம்!" என்று கத்தினேன்.
வலது, மூணு, இரண்டுமே வாயில் வரவில்லை.
அவர் பிரேக்கை மிதித்தார்.
கதவுக்கு ஒரு சாண் தள்ளி
கறுப்பாக ஏதோ கடந்துபோனது.

எங்கள் வகுப்பில் நான்காவது இடம்.
மூவருக்குத்தான் மேடை.

சாயங்காலம் லைனுக்குப் போனேன்.
ராலிக்காகக் காட்டை அடைத்ததில்
அன்று யாருக்கும் பேர் விழவில்லை.
நாள் சம்பளத்தை அங்கே அப்படித்தான் சொல்வோம்,
பேர், அரைப் பேர்.
அம்மா போர்வை அலசிக்கொண்டிருந்தாள்.

"நீதான் ஓட்டினியா?"
"இல்லம்மா, வாசிச்சேன்."
"வாசிக்கவா காசு? எவ்வளவு?"
சொன்னேன்.
அவளுக்கு நாலு பேர்.

போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.
அவள் இடப்பக்கம் முறுக்க
நான் வலப்பக்கம் முறுக்கினேன்.
தண்ணீர் நின்ற பிறகு கேட்டாள்:
"மடுவத்துக்கிட்ட ஒரு கல்லு கெடக்குமே,
அத எழுதினியா?"

"எழுதியிருக்கேன்மா.
பதினேழாம் பக்கம்."